எட்டு வேலைநாட்களும் கோமதிநாயகமும்

1968ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் நான்கு மணிக்கு, செம்பூரில் உள்ள ஒரு மருந்து மொத்த விற்பனைக் கம்பெனியின் இயந்திரக் கணக்குப் பிரிவு மேலாளர் திரு. சுந்தரராமன், அதே பிரிவில் ஆறு ஆண்டு ஒன்பது மாதம் பணிபுரிந்த உதவியாளர் கோமதிநாயகத்தை அழைத்து ஒரு கடிதம் கொடுத்தார். புதிதாகப் பொருத்தப்பட்ட கூடுதல் வசதியால் கம்ப்யூட்டரின் வேலை நேரம் குறைந்துவிட்டது என்றும், ஆகவே உதவியாளர் ஒருவர் இனித் தேவையில்லை என்றும், ஜூன் 29ஆம் தேதியோடு அவரது பணி முடிகிறது என்றும் அதில் இருந்தது.

என் குற்றச்சாட்டு இது. நேரத்தைக் குறைத்தது அந்த வசதி அன்று, கோமதிநாயகம். மேலாளர் இதை அறிவார். அறிந்திருந்தும், மார்ச் 4ஆம் தேதி நான் கையெழுத்திட்டுக் கொடுத்த ஐந்து பக்க அறிக்கையிலிருந்து மூன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டு, மற்றவற்றுக்கு மறுபடி எண்ணிட்டு, நான்கு பக்க அறிக்கையாக, என் கையெழுத்தோடேயே பம்பாய்க் கோட்டைப் பகுதியிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். எடுக்கப்பட்ட பக்கத்தில்தான் கோமதிநாயகத்தின் பெயர் இருந்தது. அதன் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது.

கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே இன்னும் வேலை பார்க்கிறேன். கம்பெனி எனக்குக் கேடு எதுவும் செய்யவுமில்லை. மேலாளரின் பெயரை எழுதுகிறேன், ஏனெனில் செயல் அவருடையது. நானும் அவரும் மாதுங்காவில் ஒரே கட்டடத்தில், மேலும் கீழுமாகப் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். இதை அச்சிடும் மலரை வாங்கும் பலருக்கு எங்கள் இருவரையும் தெரியும். கோமதிநாயகத்தைத் தெரியாது. அதனால் அவரைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

கோமதிநாயகம் சங்கரன்கோவிலுக்கு அருகிலிருந்து 1954இல், பதினேழு வயதில், பம்பாய்க்கு வந்தவர். தாராவியில் தோல் கிடங்கொன்றில் உப்புத் தோல்களைப் பிரித்து அடுக்குவது முதல் வேலை. எடை பார்த்துத் தரம் பிரிக்கும்போது அவர் சொன்ன கணக்கில் பிழை வராது என்பதைக் கவனித்த கிடங்குக்காரர், எங்கள் கம்பெனியின் பண்டகசாலைக்கு ஆள் கேட்டபோது அவரை அனுப்பினார். 1961 செப்டம்பரில், கணக்கைத் துளைகளாகக் குத்திய கார்டுகளைத் தூக்கிவர இயந்திரப் பிரிவுக்கு மாற்றினார்கள். மாற்றினார்களே தவிர நிரந்தரமாக்கவில்லை. ஆறு மாதம் முடிவதற்கு ஒரு நாள் முன்பு அவரை நிறுத்துவார்கள்; அடுத்த நாள் மறுபடி சேர்ப்பார்கள். இப்படி நிறுத்திய ஒவ்வொரு நாளுக்குமான சீட்டு, மொத்தம் பதின்மூன்று, அவரிடம் இருந்தது. ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். தேதிவாரியாக ஒரு நூலில் கோத்துக் கொடுத்தது மட்டுமே என் பங்கு.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் தெரியும். ஆனால் கார்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எந்த வரியில் எந்தத் துளை என்று பார்த்து, எந்தக் கடையின் கணக்கு என்று சொல்லிவிடுவார். மழைக்காலத்தில் பம்பாய்க் காற்றில் கார்டுகள் ஊதிப்போய் இயந்திரத்தில் சிக்கும். அதற்காக ஒரு தகரப் பெட்டிக்குள் நாற்பது வாட் பல்பு எரியவிட்டு, மறுநாளைக்கு வேண்டிய கார்டுகளை அதில் வைத்தார். 1963 ஜூலைக்குப் பிறகு எங்கள் பிரிவில் கார்டு சிக்கி வேலை நின்றது இரண்டே முறை. நான் குறித்து வைத்திருக்கிறேன்.

நானும் ஏறக்குறைய இப்படி வந்தவன்தான். இண்டர்மீடியட்டில் தோற்றுவிட்டு, கார்டு துளைக்கும் வேலையில் சேர்ந்து, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகங்கள் வாங்கிப் படித்து, கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குக் கட்டளை எழுதும் இடத்துக்கு உயர்ந்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம், பட்டம் இல்லாதவன் சொல்லும் கணக்கு எப்படிக் கேட்கப்படும் என்பதை நான் அறிவேன் என்பதே. அதனால்தான் எதையும் எழுதி, நகல் எடுத்து, தேதியிட்டு வைக்கிறேன்.

1967 ஆகஸ்டில் எங்களுக்கு டிஸ்க் வந்தது. வாடகைக்குத்தான், வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எதையும் விற்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு தட்டுகள், நடுவில் ஒரு அச்சு. அவை சுழலும்போது, தட்டுகளுக்கு இடையே சீப்பின் பற்கள் போல ஒரு கை நுழைந்து, எழுதவும் படிக்கவும் செய்யும். ஒவ்வொரு தட்டிலும் நூறு வளையங்கள்; மேலும் கீழுமாக ஒரே நேரில் இருப்பவற்றைச் சேர்த்து ஒரே வளையமாக எண்ணுவோம். எங்களோடு வியாபாரம் செய்யும் நாலாயிரம் மருந்துக் கடைகளின் கணக்கு, வளையத்துக்கு நாற்பது கடை வீதம், அதில் ஏறியது. கடை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் வளையத்தைக் குறிக்கும்.

டிஸ்க்கை எங்களுக்குக் கொண்டுவந்து காட்டிய விற்பனையாளர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: இனிமேல் கார்டுகளை வரிசைப்படுத்த வேண்டியதில்லை, எப்படிப் போட்டாலும் கை தானே தேடிக்கொள்ளும். எங்கள் பிரிவில் இதற்குக் கைதட்டினார்கள். வரிசைப்படுத்துவது கம்ப்யூட்டர் வருமுன் இருந்த பழைய அறையின் வேலை. புது அறைக்கு வந்தவர்கள் அதைச் செய்தால் கௌரவக் குறைவு என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. வரிசைப்படுத்தும் இயந்திரமான சார்ட்டரைச் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நேரம் உறை போட்டு மூடினோம். அந்த மமதையில் நானும் இருந்தேன். என் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இதை ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை யாரும் எடுக்கவில்லை.

நாள் ஒன்றுக்கு ஒன்பதாயிரம் கார்டுகள். பண்டகசாலையில் மருந்துவாரியாகச் சரக்கு எடுப்பதால், கார்டுகளும் மருந்துவாரியாகவே வரும். ஒரே மாத்திரை கல்யாண் கடைக்கும் போகும், தாணே கடைக்கும் போகும், செம்பூர் நாக்காவுக்கும் போகும். ஆகவே அடுத்தடுத்த கார்டுகள் அடுத்தடுத்த வளையங்களைக் கேட்காது. மூன்றாம் வளையம், எழுபதாம் வளையம், பதினொன்றாம் வளையம் என்று கை அலைய வேண்டும். பிற்பகல் மூன்றேகாலுக்குத் தொடங்கினால் முடிய ஆறு மணி ஆகிவிடும். மடித்து உறையிட நேரம் வேண்டும் என்பதால், ஐந்து முப்பத்தைந்துக்குள் பில்கள் கைக்கு வந்தால்தான் ஆறு மணித் தபால் வண்டியைப் பிடிக்கலாம். பிடிக்காவிட்டால் ஒரு நாள் போச்சு. வசூலுக்குப் போகிறவர் கடைக்குச் சென்று நிற்கும்போது பில் வந்திருக்காது. அந்தக் கடையின் பணம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

இதற்கு மேலாளர் கண்ட வழி, கம்ப்யூட்டர் கம்பெனி தரும் ஒரு கூடுதல் வசதி. எங்கள் அறையில் அதை டைரக்ட் சீக் என்போம். அது இல்லாத டிஸ்க்கில், கை ஒரு வளையத்திலிருந்து வேறு வளையத்துக்கு நேராகப் போகாது. முதலில் விளிம்பிலுள்ள தன் இருப்பிடத்துக்குத் திரும்பி, அங்கிருந்து எண்ணிக்கொண்டு புறப்படும். வசதி இருந்தால் நேராகப் போகும். மாத வாடகையோடு மேலும் நானூற்றுப் பத்து ரூபாய். நாற்பது நிமிடம் மிச்சமாகும் என்று எழுதி, 1967 டிசம்பர் 9ஆம் தேதி மேலாளர் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலை வாங்கினார்.

கோமதிநாயகத்துக்கு இந்த ஒப்புதல் பற்றித் தெரியாது. அவருக்குத் தெரிந்தது சத்தம். டிஸ்க்கின் மூடி மேல் கை வைத்துக்கொண்டு நின்று கேட்பார். 1968 ஜனவரி மாதம், சங்கராந்தி கழிந்து சில நாட்களில், என்னிடம் வந்து கேட்டார்.

“சார், இந்தக் கை ஒவ்வொரு கார்டுக்கும் வீட்டுக்குப் போயிட்டுல்லா வருது?”

அதன் அமைப்பு அப்படித்தான் என்றேன்.

“குர்லாவுல இருந்து அடுத்த ஸ்டேஷன் சயானுக்கு வாரவன், கடைசி ஸ்டேஷன் வி.டி.க்குப் போய்த் தலையக் காட்டிட்டுத்தான் வரணும்னா, எவன் சார் டிக்கெட் எடுப்பான்?”

நேராகப் போகவும் ஒரு வழி உண்டு, அதற்குத் தனி வாடகை என்று விளக்கினேன். அவரோ, சயானில் இறங்குகிறவர்கள் எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டால் வண்டி ஒரு தடவை வந்தால் போதாதா என்று கேட்டார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. விளங்காததை மறைக்க, வேலையைப் பாரும் என்றேன்.

ஜனவரி 22, திங்கட்கிழமை. துளைக்கும் பெண்கள் அன்று சீக்கிரம் முடித்துவிட்டதால், ஒன்றரை மணிக்கே கார்டுகள் வந்துவிட்டன. கம்ப்யூட்டரில் மூன்றேகால் வரை வேறு வேலை. கோமதிநாயகம் என்னிடம் வந்து, சும்மா இருக்கிற நேரத்தில் சார்ட்டரின் உறையைக் கழற்றலாமா என்று கேட்டார். கடை எண் முழுவதையும் வரிசைப்படுத்த வேண்டாம், முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் பிரித்தால் போதும் என்றார். பயனில்லை, ஆனாலும் செய்யும் என்று அனுமதித்தேன். இரண்டு சுற்று விட்டார். கையால் அடுக்கித் தட்டி நேராக்கியதையும் சேர்த்து முப்பத்தைந்து நிமிடம்.

மூன்றேகாலுக்கு வேலை தொடங்கியது. சில நிமிடங்களிலேயே கம்ப்யூட்டரை இயக்குபவர் என்னை அழைத்தார். டிஸ்க்கில் சத்தமே இல்லை, கை நின்றுவிட்டதோ என்று அவருக்கு அச்சம். நான் போய்க் கேட்டேன். கை நிற்கவில்லை. ஒரு வளையத்துக்குரிய கார்டுகள் எல்லாம் ஒன்றாக வந்ததால், அதே வளையத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தது. எப்போதோ ஒரு முறை அடுத்த வளையத்துக்கு நகர்ந்தது. ஐந்து இருபத்துநான்குக்கு அச்சு முடிந்தது. கார்டுகள் பாதியில் விழுந்து போயிருக்கும் என்று எண்ணி, மொத்தத் தொகையை இரண்டு முறை சரிபார்த்தோம். ஒன்பதாயிரத்துப் பதினாறு கார்டுகளும் ஏறியிருந்தன. தபால் வண்டி கிளம்புவதற்கு முன் பில்கள் உறைக்குள் போய்விட்டன.

அறிவியலில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. கணக்கு தெரியும். ஒன்பதாயிரம் முறை அலைந்த கை, அன்று ஏறக்குறைய நூறு முறை நகர்ந்தது. ஒரு முறை போய்வரச் சராசரியாக ஒரு நொடியில் கால் பங்கு. ஒன்பதாயிரத்துக்கு முப்பத்தேழு நிமிடம். நூறுக்கு இருபத்தைந்து நொடி.

மறுநாள் காலை செம்பூர் செல்லும் வண்டியிலேயே மேலாளரிடம் சொன்னேன். கூடுதல் வசதி இனித் தேவையில்லை, ரத்து செய்துவிடலாம் என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

“கையெழுத்துப் போட்டாச்சு பஞ்சு. நாப்பது நிமிஷம் மிச்சமாகும்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன், கேட்டயோ? இப்போ போய், சார்ட்டர்ல ரெண்டு சுத்து விட்டா போரும்னு ஒரு உதவியாளன் சொல்றான்னு நான் எழுதணுமா?”

“எழுதினா என்ன சார்? மிச்சம் மிச்சம்தானே.”

“மிச்சம் யாரோடதுன்னு அவா கேப்பா.”

அவர் நிலையை நான் புரிந்துகொள்ளவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். பாலக்காட்டிலிருந்து வந்து, ஒரே சம்பளத்தில் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தவர். தலைமை அலுவலகத்தில் அவரது வாக்குக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்புதான் அவருடைய சொத்து. ஆனால் அன்று அவர் செய்தது மௌனம் மட்டுமே. பக்கத்தை எடுத்தது பிறகு.

வசதியைப் பொருத்துவதற்கு எஞ்சினியர் வந்தது பிப்ரவரி 1, வியாழக்கிழமை. பெயர் திருவேங்கடம், சென்னைக்காரர், நேர்மையானவர். ஒரு தோல் பையில் சில சிறு மின்சுற்று அட்டைகள் கொண்டுவந்தார். டிஸ்க்கின் பின்பக்கத்தைத் திறந்து, அவற்றைச் செருகி, ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். வருகைச் சீட்டில் தேதியும் நேரமும் போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார். அதன் இரண்டாம் பிரதி என்னிடம் உள்ளது.

தேநீர் குடிக்கும்போது அவரிடம் கேட்டேன். மோட்டார் அதே மோட்டார், கை அதே கை, தட்டு அதே தட்டு. இந்தச் சிறு அட்டைகளுக்கு மாதம் நானூற்றுப் பத்து ரூபாய் எப்படி வரும்?

“அட்டைக்கு யாரு சார் வாடகை கேக்கறாங்க?” என்றார் திருவேங்கடம். “உங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும்னு எங்க ஆபீஸ்ல கணக்குப் போட்டு, அதுல பாதியை வாடகையா வச்சுட்டாங்க. உங்களுக்கு மிச்சமே ஆகலைன்னாலும் வாடகை அதேதான்.”

இவ்வளவு தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஒரு வசதியின் விலை அதைச் செய்ய ஆகும் செலவைப் பொறுத்தது அன்று. வாங்குகிறவனுக்கு எது அவசரம் என்று விற்கிறவன் நினைக்கிறான் என்பதைப் பொறுத்தது. அந்த அவசரம் நம்மிடம் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குகிறவனின் வேலை. எங்கள் பிரிவில் அந்த வேலையைச் செய்தவர் மாதம் நூற்று முப்பத்தெட்டு ரூபாய் வாங்கும் தற்காலிக உதவியாளர்.

ஜனவரி 22க்கும் பிப்ரவரி 1க்கும் இடையில், குடியரசு தினமும் ஞாயிறும் போக, எட்டு வேலைநாட்கள். அந்த எட்டு நாட்களிலும் டிஸ்க்கில் புது வசதி இல்லை. அந்த எட்டு நாட்களிலும் கோமதிநாயகம் கார்டுகளைப் பிரித்துக் கொடுத்தார். அந்த எட்டு நாட்களிலும் வேலை இரண்டு மணி பத்து நிமிடத்தை ஒட்டியே முடிந்தது. அதிகம் போனது இரண்டு மணி பதின்மூன்று. அதற்கு முன் இரண்டு மணி நாற்பத்தேழு. பிப்ரவரி 1க்குப் பிறகு, வசதியும் சேர்ந்தபின், இரண்டு மணி ஒன்பது முதல் பத்து. கார்டுகள் பிரிந்து வரும்போது வசதி மிச்சப்படுத்துவது நாளுக்குப் பத்து நொடி அளவே. இயந்திர அறையின் நேரப் பதிவேட்டில் இவை எல்லாம் இயக்குபவரின் கையெழுத்தில் உள்ளன. இந்த எட்டு நாட்களின் பட்டியல்தான் என் மூன்றாம் பக்கம்.

தலைமை அலுவலகத்துக்குப் போன அறிக்கையில் டிசம்பர் மாதச் சராசரி இருக்கிறது. பிப்ரவரி மாதச் சராசரி இருக்கிறது. நடுவில் ஜனவரியே இல்லை. படிக்கிற எவரும் வசதியால்தான் நேரம் குறைந்தது என்றே முடிவு செய்வார். மே 20ஆம் தேதி அந்த அறிக்கை கோப்பில் சேர்க்கத் திரும்பி வந்தபோது, நான் பக்கங்களை எண்ணியதால் தெரிந்தது.

அதே நாளில் மேலாளரின் அறைக்குப் போய்க் கேட்டேன். பக்கம் அதிகம், சுருக்கினேன் என்றார். சுருக்கியதை என்னிடம் காட்டவில்லையே என்றேன். காட்ட வேண்டிய அவசியமில்லை என்றார். எழுத்தில் தாருங்கள் என்றேன். எழுத்தில் தர இது கோர்ட் இல்லை என்றார்.

இதில் கோமதிநாயகத்துக்கு என்ன நஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். டிஸ்க் வந்த மாதத்தில், 1967 ஆகஸ்ட் 12ஆம் தேதி, ஓர் உதவியாளர் இடத்தை 1968 ஏப்ரல் 1 முதல் நிரந்தரமாக்கலாம் என்று தலைமை அலுவலகம் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தது. ‘உதவியாளரின் பணி நேரச் சிக்கனத்துக்கு உதவுமானால்’ என்பது நிபந்தனை. பிரிவில் அந்த இடத்துக்கு உரியவர் ஒருவரே. மூன்றாம் பக்கம் போயிருந்தால் நிபந்தனை நிறைவேறியது என்று ஆகியிருக்கும். போகாததால், நேரத்தை வசதி மிச்சப்படுத்தியது, உதவியாளர் தேவையில்லை என்று ஆயிற்று. அவரது மாதச் சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு வாடகை வாங்கும் அட்டைகள் இருந்தன, அவர் போனார்.

ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, கடிதத்தின் நகலை எடுப்பதற்காகத் தாராவியில் அவர் வீட்டுக்குப் போனேன். பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தவர் அவர் மனைவி ஆறுமுகத்தாய். தோல் பைகளுக்கு உள்துணி தைக்கிறவர். நான் எழுதிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் தைத்தபடியே பேசினார்.

“இந்தக் காயிதத்த எல்லாம் கொண்டுபோயி என்ன செய்யப் போறிய? ஏழு வருசமா டப்பாவுலதான கெடக்கு.”

“நியாயம் கேக்கப் போறேம்மா.”

“கேளுங்க. ஆனா இவுகளுக்கு அந்த ரூமு வேணும், அதையும் சேத்துக் கேளுங்க. மிசின் சத்தம் இல்லாம இவுகளுக்குத் தூக்கம் வர மாட்டேங்கு. என் தையல் மிசின் சத்தத்துல குத்தம் கண்டுபிடிக்காக.”

கோமதிநாயகம் சிரித்தார். “அதுல ஊசி ஒரு தையலுக்கு ரெண்டு தடவ போவுது சார். நெசமாத்தான்.”

“ஏன், அதுக்கும் வாடகை போட்டுப் பாக்கியளா?” என்றார் ஆறுமுகத்தாய்.

கோமதிநாயகம் கலங்கியிருந்ததாக நான் எழுதினால் அது பொய். வேறு வேலை கிடைக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஜூலை முதல் வாரத்திலேயே, ஆறுமுகத்தாய்க்குத் தையல் வேலை தரும் நாகூர் மீரான் தன் தோல் பட்டறையில் அவரைச் சேர்த்துக்கொண்டார். கோமதிநாயகம் கேட்பது ஒன்றுதான்: தான் செய்ததைத் தான் செய்ததாக ஒரு காகிதத்தில் யாராவது எழுத வேண்டும், எழுதினால் இடம் தானே வரும். இதில் நான் அவருடன் முழுவதும் உடன்படுகிறேன்.

ஜூன் 29, சனிக்கிழமை, அவர் கடைசியாகக் கார்டுகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஜூலை 1, திங்கட்கிழமை, கார்டுகள் பண்டகசாலையிலிருந்து வந்தபடியே டிஸ்க்குக்குப் போயின. நானூற்றுப் பத்து ரூபாய் வசதி முழுமையாக இயங்கிக்கொண்டிருந்தது. வேலை இரண்டு மணி முப்பத்திரண்டு நிமிடம் எடுத்தது. பில்கள் ஐந்து நாற்பத்தேழுக்குக் கைக்கு வந்தன. தபால் வண்டி போய்விட்டது. செவ்வாய் அப்படியே. புதன் அப்படியே. அந்த வாரம் ஒரு நாள்கூட வண்டியைப் பிடிக்கவில்லை.

வசதியால் பயனே இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. கலைந்த கார்டுகளில் அது பதினைந்து நிமிடம் மிச்சப்படுத்துகிறது. அந்த வாரம் அதையும் அளந்தேன். எங்களுக்குத் தேவைப்பட்டது குறைந்தது இருபத்தேழு நிமிடம். அதை வசதியால் தர முடியாது, வரிசையால் முடியும்; வரிசை இருந்தால் வசதி வேண்டியதில்லை. இன்னொரு மறுப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்த ஆளும் சார்ட்டரும் வேண்டுமே, அதற்குச் செலவில்லையா என்று கேட்கலாம். சார்ட்டர் சம்பளப் பட்டியலுக்காக எப்படியும் இருக்கிறது. அந்த நேரத்தில் அதற்கு வேறு வேலை இல்லை. ஆளுக்கு நூற்று முப்பத்தெட்டு ரூபாய். நிரந்தரமாக்கினால் நூற்றுத் தொண்ணூற்றாறு. இரண்டுமே நானூற்றுப் பத்துக்குக் கீழே. அதிலும் அந்த ஆள் கார்டு தூக்குவார், காயவைப்பார், பிழை கண்டுபிடிப்பார்.

ஜூலை 5, வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் மேலாளர் என்னை நிறுத்தினார்.

“ஒரு உதவியாளனுக்காக ஏண்டா பஞ்சு இத்தனை காகிதத்தை வேஸ்ட் பண்றே?”

“அஞ்சு பக்கத்தை நாலு பக்கமாக்கினதுலயும் ஒரு காகிதம் வேஸ்ட் ஆச்சு சார்.”

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, கொஞ்ச நாள் போகட்டும், வேறு ஏதாவது இடத்தில் அவனைச் சேர்த்துவிடுகிறேன், நீ எழுதுவதை நிறுத்து என்றார். எங்கே, எப்போது, என்ன சம்பளத்தில் என்று கேட்டேன். அதெல்லாம் வாயால் சொன்னால் போதாதா என்றார். வாயால் சொன்னவை எனக்கு இதுவரை மூன்று கிடைத்திருக்கின்றன, ரயிலில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, இப்போது படியில் ஒன்று என்றேன். அவர் மேலே ஏறிப் போய்விட்டார்.

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை காலை, துளைக்கும் பிரிவின் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. கையெழுத்து இல்லை, எழுத்து மேலாளருடையது. அதைப் பதினோரு ஆண்டுகளாக அறிவேன். பிரிவுத் தலைவியும் அறிவார். அவர்தான் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஆங்கிலத்தில் ஒரே வரி. தமிழில் இப்படி வரும்: ‘இன்று முதல், துளைப்பவர்கள் இருவர் தினமும் இரண்டு மணிக்குக் கார்டுகளை முன்புபோல் முதல் இரண்டு இலக்கத்தில் வரிசைப்படுத்த வேண்டும்.’

முன்புபோல் என்று எழுதியவர், முன்பு யார் செய்தார், எப்போதிலிருந்து செய்தார், அதனால் என்ன கிடைத்தது என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டார். அன்று மாலை வேலை இரண்டு மணி பதினான்கு நிமிடத்தில் முடிந்தது. பழக்கமில்லாத கைகள், நான்கு நிமிடம் கூடியது. தபால் வண்டியில் பில்கள் போயின. அதுமுதல் தினமும் போகின்றன. கோமதிநாயகம் இல்லாமல் வேலை நடக்கிறது என்று இதைக் கொண்டு வாதிட முடியாது. அவர் முறையில், அவர் வேலையை, அவரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் இருவர் தங்கள் சொந்த வேலையை விட்டுவிட்டுச் செய்கிறார்கள்.

ஜூலை 10ஆம் தேதி, என் அறிக்கையின் ஐந்து பக்கங்கள், பதிவேட்டின் பிரதி, எஞ்சினியரின் வருகைச் சீட்டு, துண்டுச் சீட்டின் நகல், பணி நிறுத்தச் சீட்டுகள் பதின்மூன்று ஆகியவற்றைப் பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். 12ஆம் தேதி பெற்றுக்கொண்டதாக ஒப்புகை அட்டை வந்தது. தொலைபேசியில் ஒருவர் என்னிடம், பார்க்கிறோம் என்றார். பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. வேறு பதில் இல்லை. ஆகவே இதை அச்சில் தருகிறேன்.

நான் பயந்து எழுதவில்லை, கெஞ்சியும் எழுதவில்லை. எண்கள் எங்கள் பக்கம் இருக்கின்றன. எண்களை யாரும் ஒரு பக்கத்தோடு எடுத்துவிட முடியாது. பதிவேடு இன்னும் அதே அலமாரியில் இருக்கிறது, எவரும் வந்து பார்க்கலாம்.

கம்பெனியின் தலைமை அலுவலகத்திடம் என் கோரிக்கை: மார்ச் 4ஆம் தேதி அறிக்கையின் மூன்றாம் பக்கம் கோப்பில் மறுபடி சேர்க்கப்பட வேண்டும். ஜனவரி 22 முதல் கிடைத்த நேர மிச்சம் கோமதிநாயகத்தின் முறையால் வந்தது என்று பதிவு செய்யப்பட வேண்டும். உங்கள் 1967 ஆகஸ்ட் 12ஆம் தேதிக் குறிப்பின்படி, 1968 ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டு, அவருக்கு நிரந்தரப் பணி ஆணை வழங்கப்பட வேண்டும். கூடுதல் வசதியை வைத்துக்கொள்வதா திருப்பித் தருவதா என்பது உங்கள் விருப்பம். அதற்கான கணக்கை மேலே கொடுத்துவிட்டேன். இவற்றில் எதையேனும் மறுத்தால், எந்த நாளின் எந்த எண் தவறு என்று குறிப்பிட்டு மறுக்க வேண்டும். பதில் தொலைபேசியிலோ, ரயிலிலோ, மாடிப்படியிலோ வேண்டாம். 1968 ஆகஸ்ட் 31ஆம் தேதிக்குள், தேதியும் பொறுப்புள்ளவரின் கையெழுத்தும் இட்டு, ஒரு பிரதி கோமதிநாயகத்துக்கும் ஒரு பிரதி எனக்குமாக, எழுத்தில் தரவும்.

பஞ்சாபகேசன்
மாதுங்கா, 5-8-1968